அமிலாய்டு திரள்களை நிலைப்படுத்தும் விசைகள்: கணினி உருவகப்படுத்தல் வழி ஆய்வு

அமிலாய்டு என்பது, கரைந்த நிலையில் இருக்க வேண்டிய புரதங்களோ பெப்டைடுகளோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால் உருவாகும், நீரில் கரையாத நுண்ணிழைத் திரள் ஆகும். ஆல்சைமர் நோய், பார்க்கின்சன் நோய், இரண்டாம் வகை நீரிழிவு, பிரியான் நோய்கள் ஆகியவற்றில் இத்தகைய திரள்கள் காணப்படுகின்றன. இவற்றுள் ஒவ்வொரு நோய்க்கும் உரிய புரதம் வேறு. ஆனால் திரளின் அடிப்படை அமைப்பு வியக்கத்தக்க வகையில் ஒன்றுபோல் இருக்கிறது.

இத்திரள்கள் எளிதில் சிதைவதில்லை. புரதங்களைச் செரிக்கும் நொதிகள் இவற்றின் உட்கருவை எளிதில் வெட்ட முடிவதில்லை. இவ்வளவு உறுதி எங்கிருந்து வருகிறது? எந்த விசை எவ்வளவு பங்களிக்கிறது? சோதனைச்சாலையில் விசைகளைத் தனித்தனியாகப் பிரித்து அளப்பது கடினம். எனவே, சிமுலேஷன் என்று வழக்கில் சொல்லப்படும் கணினி உருவகப்படுத்தல் இந்தத் துறையில் முக்கியமான ஆய்வுக் கருவியாக வளர்ந்துள்ளது.

பெயரும் கண்டுபிடிப்பும்

1854-இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ, மூளைத் திசுவில் கண்ட சில படிவுகள் அயோடினுடன் சேரும்போது மாவுப்பொருளைப் போல நிறம் மாறுவதைக் கண்டார். மாவுப்பொருளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'அமிலாய்டு' என்ற பெயர் வந்தது. 1859-இல் ஃபிரீட்ரிக், கெக்குலே ஆகியோர் இத்தகைய படிவுகள் புரதத் தன்மை உடையவை என்று காட்டினர். பெயர் தவறு என்று தெரிந்த பின்னும் அது நிலைத்துவிட்டது.

1959-இல் கோஹன், கால்கின்ஸ் ஆகியோர் எலக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் படிவுகள் நுண்ணிழைகளால் ஆனவை என்று கண்டனர். 1984-இல் கிளென்னர், வாங் ஆகியோர் ஆல்சைமர் நோயாளிகளின் மூளை இரத்தக் குழாய்களில் படிந்திருந்த பெப்டைடைப் பிரித்தெடுத்தனர். இன்று அது அமிலாய்டு பீட்டா எனப்படுகிறது. பெரிய முன்னோடிப் புரதம் ஒன்று நொதிகளால் வெட்டப்படும்போது இது உண்டாகிறது. இதில் பெரும்பாலும் 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் இருக்கும். கடைசியில் இரண்டே அமினோ அமிலங்கள் கூடுதலாக உள்ள 42 வகை, 40 வகையைவிட விரைவாகத் திரளும்.

குறுக்கு பீட்டா அமைப்பு

புரதச் சங்கிலி நீட்டி நிமிர்ந்த நிலையில் இருந்தால் அதைப் பீட்டா இழை என்பர். பல பீட்டா இழைகள் பக்கத்தில் பக்கமாக ஹைட்ரஜன் பிணைப்புகளால் இணைந்தால் பீட்டா தாள் கிடைக்கும். இவ்வமைப்பை 1951-இல் பாலிங், கோரி ஆகியோர் முன்வைத்தனர். புரதச் சங்கிலியின் எந்த முறுக்குக் கோணங்கள் இயலும், எவை இயலாது என்பதைக் காட்டும் வரைபடத்தை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் வெளியிட்டனர். பீட்டா இழைக்குரிய பகுதி அந்த வரைபடத்தில் தனியே தெரியும். கணினியில் உருவாக்கும் புரத மாதிரிகள் சரியானவையா என்று பார்க்க இன்றும் அவ்வரைபடமே பயன்படுகிறது.

அமிலாய்டில் பீட்டா இழைகள் நுண்ணிழையின் நீள அச்சுக்குச் செங்குத்தாக, ஏணியின் படிகளைப் போல அடுக்கப்பட்டிருக்கும். எனவே இது 'குறுக்கு பீட்டா அமைப்பு' எனப்படுகிறது. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் இரு அளவுகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே ஏறத்தாழ 4.8 ஆங்ஸ்ட்ராம், ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையே ஏறத்தாழ 10 ஆங்ஸ்ட்ராம். முதல் அளவு ஹைட்ரஜன் பிணைப்புகளின் இடைவெளி. இரண்டாவது, தாள்களுக்கு நடுவே பக்கச் சங்கிலிகள் அடைந்திருக்கும் இடம். அமிலாய்டின் நிலைப்புத்தன்மை குறித்த கேள்விகள் எல்லாம் இவ்விரு இடைவெளிகளையே சுற்றி வருகின்றன.

கணினி உருவகப்படுத்தல் நடைபெறும் முறை

இங்கு அதிகம் பயன்படுவது மூலக்கூறு இயங்கியல் என்ற முறை. அதன் படிகள் பின்வருமாறு:

- சோதனையில் கிடைத்த அல்லது ஊகித்த தொடக்க அமைப்பை, ஒவ்வோர் அணுவின் இருப்பிடத்துடன் கணினியில் ஏற்றுவர்.
- அதைச் சுற்றி நீர் மூலக்கூறுகளையும் உப்பு அயனிகளையும் நிரப்புவர்.
- அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு, மின் ஈர்ப்பு, விலக்கம் ஆகியவற்றைத் தரும் சமன்பாடுகளின் தொகுப்பைத் தேர்ந்தெடுப்பர். இதற்கு விசைப்புலம் என்று பெயர்.
- ஒவ்வோர் அணுவின் மீதும் செயல்படும் விசையைக் கணக்கிட்டு, நியூட்டனின் இயக்க விதிப்படி அதை ஒரு சிறு அடி நகர்த்துவர். பின்னர் விசையை மீண்டும் கணக்கிடுவர்.

ஒரு அடி என்பது வழக்கமாக 2 ஃபெம்டோ விநாடி. ஒரு விநாடியை ஆயிரம் இலட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ விநாடி. ஒரே ஒரு மைக்ரோ விநாடி நிகழ்வைப் பார்க்க 50 கோடி அடிகள் தேவை. பல்லாயிரம் அணுக்களுக்கு இதைச் செய்ய வேண்டும் என்பதால்தான் பெரும் கணினிகள் தேவைப்படுகின்றன.

1964-இல் ஐதராபாத்தில் பிறந்தவரான அனீசுர் ரஹ்மான், அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் 864 ஆர்கான் அணுக்களைக் கொண்டு திரவ ஆர்கானை இம்முறையில் ஆராய்ந்தார். 1977-இல் மெக்காமன், கெலின், கார்ப்பிளஸ் ஆகியோர் முதன்முதலாக ஒரு புரதத்துக்கு இதைப் பயன்படுத்தினர். 58 அமினோ அமிலங்கள் கொண்ட அச்சிறு புரதத்தை அவர்கள் பின்தொடர முடிந்தது ஏறத்தாழ 9 பிக்கோ விநாடிகள் மட்டுமே. சிக்கலான வேதி அமைப்புகளுக்கான கணினி மாதிரிகளை உருவாக்கியதற்காக கார்ப்பிளஸ், லெவிட், வார்ஷல் ஆகியோருக்கு 2013-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நிலைப்படுத்தும் விசைகள்

ஹைட்ரஜன் பிணைப்பு

ஏணியின் படிகளை இணைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். முதன்மைச் சங்கிலியில் உள்ள நைட்ரஜனோடு இணைந்த ஹைட்ரஜன், அடுத்த சங்கிலியில் உள்ள ஆக்சிஜனை நாடுகிறது. முதன்மைச் சங்கிலி எல்லாப் புரதங்களிலும் ஒன்றே. ஆகவேதான் வெவ்வேறு புரதங்கள் ஒரே வகை நுண்ணிழையை உண்டாக்குகின்றன.

ஆனால் ஹைட்ரஜன் பிணைப்பே எல்லாம் என்று முடிவு செய்துவிட முடியாது. தனித்திருக்கும் பெப்டைடு நீரில் மிதக்கும்போது அதே அணுக்கள் நீர் மூலக்கூறுகளுடன் ஹைட்ரஜன் பிணைப்பு கொண்டிருந்தன. திரளும்போது நீருடனான பிணைப்பை விட்டு அடுத்த பெப்டைடுடன் பிணைப்பு கொள்கின்றன. ஒன்று போய் ஒன்று வருவதால் நிகர இலாபம் நாம் எண்ணுவதைவிடக் குறைவு. ஹைட்ரஜன் பிணைப்பின் பெரிய பங்கு, திரளுக்கு ஒழுங்கையும் திசையையும் விறைப்பையும் தருவதே.

நீர்வெறுப்பும் பக்கச் சங்கிலிப் பொருத்தமும்

லியூசின், வாலின், ஐசோலியூசின், ஃபீனைல்அலனின் போன்ற அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகள் எண்ணெயைப் போல நீரை விலக்குபவை. இவை வெளியே தெரிந்தால் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளின் இயல்பான அசைவு கட்டுப்படுகிறது. இவை ஒன்றுசேர்ந்து உள்ளே ஒளிந்துகொண்டால் அந்த நீர் விடுபடுகிறது. நீரின் என்ட்ரோபி உயர்கிறது. இதுவே நீர்வெறுப்பு விளைவு.

இத்துடன் வடிவப் பொருத்தமும் சேர்கிறது. 2005-இல் கலிஃபோர்னியாவில் டேவிட் ஐசன்பர்க் குழுவினர், ஈஸ்ட்டின் சப்35 என்ற பிரியான் புரதத்திலிருந்து எடுத்த ஏழு அமினோ அமிலத் துண்டு ஒன்றின் படிக அமைப்பை வெளியிட்டனர். அதில் இரு தாள்களின் பக்கச் சங்கிலிகள் ஜிப்பின் பற்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருந்தன. இடையில் ஒரு நீர் மூலக்கூறுகூட இல்லை. இத்துண்டில் அஸ்பராஜின், குளுட்டமின் போன்ற நீரை விரும்பும் அமினோ அமிலங்களே மிகுதி என்பது குறிப்பிடத்தக்கது. நீர்வெறுப்பு இல்லாத இடத்திலும் நெருக்கமான பொருத்தமும் பக்கச் சங்கிலிகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகளும் திரளைத் தாங்க முடியும் என்பதை இது காட்டியது.

படிக அமைப்பு வெளிவருவதற்கு முன்பே, 2003-இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் காஃப்லிஷ் குழுவினர் இதே துண்டின் மூன்று பிரதிகளைக் கணினியில் விட்டுப் பார்த்திருந்தனர். அவை எல்லாம் ஒரே திசை நோக்கி, ஒரே வரிசையில் ஒத்து அடுக்கப்படும் அமைப்பையே அதிகம் நாடின. அவ்வொழுங்கைத் தாங்குபவை பக்கச் சங்கிலிகளின் இடைவினைகள் என்றும் கண்டனர். பின்னர் வந்த படிக அமைப்பிலும் தாள்களுக்குள் இழைகள் அவ்வாறே அமைந்திருந்தன.

உப்புப் பாலம்

எதிரெதிர் மின்சுமை கொண்ட இரு பக்கச் சங்கிலிகள் நெருங்கி ஈர்ப்பது உப்புப் பாலம் எனப்படும். அமிலாய்டு பீட்டாவின் 16 முதல் 22 வரையிலான சிறு துண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் ஒரு முனையில் நேர்மின்சுமை கொண்ட லைசின். மறுமுனையில் எதிர்மின்சுமை கொண்ட குளுட்டாமிக் அமிலம். நடுவில் நீர்வெறுக்கும் அமினோ அமிலங்கள். 2003-இல் கிளிமோவ், தேவராஜன் திருமலை ஆகியோர் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இத்துண்டுகள் மூன்றைக் கொண்டு ஆய்வு செய்தனர். பெப்டைடுகளை ஒன்றுகூட்டுவது நடுப்பகுதியின் நீர்வெறுப்பு. ஒன்றின் தலைக்கு அருகில் மற்றொன்றின் வால் வரும்படி எதிர்த்திசையில் அடுக்குவது முனைகளின் உப்புப் பாலங்கள். இவ்வாறு கூட்டும் விசையும் ஒழுங்குபடுத்தும் விசையும் வெவ்வேறாக இருக்கலாம் என்பது தெளிவாயிற்று. இத்துண்டு எதிர்த்திசையில் அடுக்கப்படுவதை அணுக்கரு காந்த ஒத்திசைவுச் சோதனை 2000-இலேயே காட்டியிருந்தது.

முழுப் பெப்டைடில் மற்றோர் உப்புப் பாலம் பெரிதும் பேசப்பட்டது. 23-ஆம் இடத்து ஆஸ்பார்டிக் அமிலமும் 28-ஆம் இடத்து லைசினும் இணைந்து, சங்கிலியைக் கொண்டை ஊசி போல வளைத்துப் பிடிக்கும் என்ற கருத்து 2002-இல் இரு வழிகளில் வந்தது. ஒன்று, புயோங் மா, ரூத் நுசினோவ் ஆகியோரின் கணினி ஆய்வு. மற்றொன்று, ராபர்ட் டைக்கோ குழுவினரின் திண்மநிலை அணுக்கரு காந்த ஒத்திசைவு ஆய்வு.

இதில் ஒரு புதிர் இருந்தது. தனிப் பெப்டைடில் இந்தப் பாலம் ஏன் எளிதில் உண்டாவதில்லை? மின்சுமை கொண்ட ஒவ்வொரு தொகுதியையும் நீர் மூலக்கூறுகள் இறுகச் சூழ்ந்துள்ளன. பாலம் அமைய வேண்டுமானால் அந்நீரை உதற வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். 2006-இல் டாருஸ், ஸ்ட்ராப், திருமலை ஆகியோரின் உருவகப்படுத்தல், இந்தத் தடை பெரியது என்று காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த சோதனை ஒன்று இதனுடன் ஒத்துப்போகிறது. அதில் அந்த இரு அமினோ அமிலங்களையும் வேதிப் பிணைப்பால் முன்கூட்டியே இணைத்துவிட்டனர். அப்பெப்டைடு சாதாரணப் பெப்டைடைவிட ஏறத்தாழ 1000 மடங்கு வேகமாக நுண்ணிழையாக மாறியது. செலவாக வேண்டிய ஆற்றலை வேதியியலர் முன்னரே செலுத்திவிட்டதால் தடை நீங்கியது எனலாம்.

ஆயினும் இப்பாலம் எல்லா அமிலாய்டு பீட்டா நுண்ணிழைகளிலும் இருப்பதில்லை. 2015-க்குப் பின் தீர்மானிக்கப்பட்ட சில 42 வகை அமைப்புகளில், அதே லைசின் 42-ஆம் இடத்து அலனினின் முனைத் தொகுதியுடன் இணைந்துள்ளது. ஒரே பெப்டைடு பல வடிவங்களில் திரளக்கூடும். வடிவத்துக்கு வடிவம் நிலைப்படுத்தும் விசைகளும் மாறும்.

ஒரு பெப்டைடை இழுத்துப் பார்த்தல்

எந்த விசை முக்கியம் என்று அறிய நேரடியான வழி, திரளிலிருந்து ஒரு பெப்டைடைப் பிடித்து இழுப்பதாகும். கணினியில் இதைச் செய்யலாம். 2010-இல் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் லெம்குல், டேவிட் பெவன் ஆகியோர், 42 வகை அமிலாய்டு பீட்டாவின் ஐந்து பெப்டைடுகள் கொண்ட அடுக்கை எடுத்துக்கொண்டனர். முனையில் உள்ள ஒரு பெப்டைடை மட்டும் செயற்கை வில்லால் கட்டி மெல்ல வெளியே இழுத்தனர். இழுக்கும் பாதையில் பல இடங்களில் நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் நீண்ட நேரம் கணக்கிட்டனர். இதற்குக் குடை மாதிரியெடுப்பு என்று பெயர். இக்கணக்குகளை ஒன்றுசேர்த்தால், பெப்டைடைப் பிரிக்கத் தேவையான கட்டிலா ஆற்றல் கிடைக்கும். பிறகு குறிப்பிட்ட அமினோ அமிலங்களை மாற்றிவிட்டு மீண்டும் இழுத்து, ஆற்றல் எவ்வளவு குறைகிறது என்று ஒப்பிட்டனர்.

திரளுக்கு மிகுந்த உறுதி தருபவை, 32-ஆம் இடத்து ஐசோலியூசினைச் சுற்றிய பக்கச் சங்கிலிகளின் நெருக்கமான அடைவும், 23–28 உப்புப் பாலத்தைச் சூழ்ந்திருக்கும் நீரும் என்று அவர்கள் கண்டனர். ஹைட்ரஜன் பிணைப்புகளின் பங்கு, ஆற்றலைவிட அமைப்பைப் பேணுவதிலேயே அதிகம். முந்தைய பகுதியில் கூறிய 'நிகர இலாபம் குறைவு' என்ற கருத்தோடு இது பொருந்துகிறது. இவ்வாய்வின் செய்முறை, குரோமாக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்கான பயிற்சிப் பாடமாகவும் வெளியிடப்பட்டு, உலகெங்கும் மாணவர்களால் பயன்படுத்தப்படுகிறது.

திரள் வளரும் விதம்

நிலைப்பை அறிய, வளர்ச்சியையும் அறிய வேண்டும். 2004-இல் நுயென், கரோல் ஹால் ஆகியோர், பல அணுக்களை ஒரே மணியாகத் திரட்டி எளிமையாக்கிய மாதிரியில் 48 முதல் 96 பெப்டைடுகளை விட்டுப் பார்த்தனர். தாறுமாறாகக் கிடந்த பெப்டைடுகள் தாமாகவே நுண்ணிழைகளாக அமைந்தன. ஒவ்வோர் அணுவையும் கணக்கில் கொள்ளும் மாதிரியில் அக்காலத்தில் எட்ட முடியாத காட்சி அது.

2007-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஏற்கெனவே அமைந்த சிறு திரளுடன் புதிய பெப்டைடு இரு கட்டங்களாகச் சேர்வதைக் காட்டியது. முதலில் விரைவாக வந்து ஒட்டிக்கொள்கிறது. பின்னர் மெதுவாகத் தன் வடிவத்தைத் திருத்தி, சரியான வரிசையில் பூட்டிக்கொள்கிறது. ஒட்டிய பெப்டைடு நழுவிப் போகலாம்; பூட்டிக்கொண்டது எளிதில் போகாது.

உருவகப்படுத்தலின் வரம்புகள்

இவ்வகை ஆய்வுகளைப் படிக்கும்போது சில வரம்புகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

காலம்: சோதனைக் குழாயில் நுண்ணிழை உருவாக மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ ஆகும். கணினி பொதுவாகக் காண்பது மைக்ரோ விநாடிகள். ஒரு திரள் 100 நானோ விநாடிகள் கலையாமல் இருந்தது என்பது, அது உண்மையிலேயே நிலையானது என்பதற்குச் சான்று ஆகாது. கலைய நேரம் போதவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். இழுத்துப் பார்த்துக் கட்டிலா ஆற்றலைக் கணக்கிடும் முறை தேவைப்படுவது இதனால்தான்.

விசைப்புலம்: பழைய விசைப்புலங்கள் பல, நன்கு மடிந்த புரதங்களைக் கொண்டு சரிசெய்யப்பட்டவை. நிலையான வடிவமில்லாத பெப்டைடுகளை அவை தேவைக்கு மேல் சுருங்கியவையாகக் காட்டின. விசைப்புலத்தை மாற்றினால் முடிவும் மாறக்கூடும்.

செறிவு: கணினிப் பெட்டி சிறியது, அதில் சில பெப்டைடுகளை வைத்தாலே செறிவு உடலில் உள்ளதைவிடப் பல மடங்கு மிகுந்துவிடும்.

தொடக்க அமைப்பு: தொடக்க அமைப்பு தவறானால் எவ்வளவு நீண்ட கணக்கும் பயன்தராது. 2017 முதல் உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக, நோயாளிகளின் மூளையிலிருந்தே எடுத்த நுண்ணிழைகளின் அணு அளவிலான அமைப்புகள் கிடைத்து வருகின்றன. சோதனைச்சாலையில் தயாரித்த நுண்ணிழைகளிலிருந்து அவை பல நேரங்களில் வேறுபடுகின்றன.

மருத்துவத்தில் இதன் பொருள்

எந்த விசை திரளைத் தாங்குகிறது என்று தெரிந்தால், அதைக் குலைக்க வழி தேடலாம். இதற்கு இயற்கையே ஒரு பாடம் வைத்திருக்கிறது. கணையத்தில் சுரக்கும் அமிலின் என்ற 37 அமினோ அமில ஹார்மோன் மனிதரில் அமிலாய்டாகத் திரளும், எலியில் திரளாது. எலியின் அமிலினில் 25, 28, 29 ஆகிய இடங்களில் புரோலின் உள்ளது. வளைய வடிவம் கொண்ட புரோலினின் நைட்ரஜனில், சங்கிலிக்குள் அமைந்த பின், ஹைட்ரஜன் இருக்காது. எனவே அது அவ்விடத்தில் ஹைட்ரஜன் பிணைப்பைத் தர இயலாது; சங்கிலியையும் நேராக நீட்ட விடாது. இந்த மூன்று மாற்றங்களையும் மனித அமிலினில் புகுத்தி உருவாக்கப்பட்டதே பிராம்லிண்டைடு என்ற நீரிழிவு மருந்து. 2005-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

எனினும் திரளைப் பலவீனப்படுத்துவது எப்போதும் நன்மை தரும் என்று கொள்ள முடியாது. நீண்ட நுண்ணிழைகளைவிட, சில பெப்டைடுகளே சேர்ந்த சிறு திரள்கள் நரம்புச் செல்களுக்கு அதிகக் கேடு செய்வதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. மேலும் ஒரு நுண்ணிழை உடைந்தால் புதிய முனைகள் உண்டாகும். ஒவ்வொரு முனையிலும் புதிய பெப்டைடுகள் பூட்டிக்கொள்ளலாம். 2006-இல் சப்35 பிரியான் குறித்து ஜோனத்தன் வைஸ்மன் குழுவினர் செய்த ஆய்வில், எளிதில் உடையும் நுண்ணிழை வகை, மெதுவாக வளர்ந்தபோதும், ஈஸ்ட் செல்களில் வலிமையாகப் பரவியது. உறுதியாக இருந்த வகையின் பரவல் அதைவிடக் குறைவு.

ஆகவே அரைகுறையாக உடைப்பது நோக்கமாக இருக்க முடியாது. பெப்டைடு ஒட்டும் கட்டத்திலேயே தடுப்பது, முனைகளை மூடிவிடுவது, அல்லது புரதத்தை அதன் இயல்பான வடிவிலேயே தாங்கிப் பிடிப்பது ஆகியவை மாற்று வழிகளாகும். டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதத்தால் இதயத்திலும் நரம்புகளிலும் உண்டாகும் அமிலாய்டு நோய்க்கு டாஃபாமிடிஸ் என்ற மருந்து கடைசி வழியில் செயல்படுகிறது. நான்கு அலகுகள் கொண்ட அப்புரதம் பிரிந்துபோகாமல் அது பிடித்துவைக்கிறது. பிரியாத புரதம் திரள்வதில்லை. இத்தகைய மூலக்கூறு திரளின் எந்த இடத்தில் பொருந்தும், எந்த விசையை மாற்றும் என்பதை முன்கூட்டியே கணித்துச் சோதனைக்குரியவற்றைத் தேர்ந்தெடுப்பதில் கணினி உருவகப்படுத்தல் இன்று பயன்படுகிறது. அக்கணிப்பு சரியா என்பதை இறுதியில் உறுதிசெய்வது சோதனையே.